கறியின் அளவு, சோற்றின் தரம்

தை பிறந்துவிட்டால் பெரம்பலூர் மாவட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் மக்காச்சோளம்தான் கண்ணில் படும். வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் களத்திலும் சாலையோரத்திலும் அது காய்ந்துகொண்டிருக்கும். புரட்டாசி மழையை நம்பி மானாவாரிக் கரிசலில் போட்ட விதை மூட்டையாகி நிற்கும் காலம் அது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. பக்கத்து அரியலூரிலும் பரப்பு குறைவில்லை. இத்தனை தானியம் விளைகிற மண்ணில், அதில் எவ்வளவு இந்த ஊர்ச் சனங்களின் தட்டுக்கு வருகிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. லாரி ஏறினால் நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் போய்த் தீவன ஆலையில் இறங்கும். அங்கே கோழி தின்னும். அந்தக் கோழி கூண்டு வண்டியில் ஏறி இதே ஊர்க் கறிக்கடைக்கு வந்து சேரும்.

கறி தின்பதைக் குறைத்துக்கொள்வது பற்றிப் பலரும் பேசுகிறார்கள். பெரும்பாலும் அது உடம்பு பற்றிய பேச்சாகவோ உயிர் பற்றிய பேச்சாகவோ முடிந்துவிடுகிறது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் நின்று பார்த்தால் அது முதலில் நிலத்தைப் பற்றிய பேச்சு. நம் கொல்லையில் எது விளைகிறது, நம் அடுப்பில் எது வேகிறது, இரண்டுக்கும் நடுவில் என்ன உறவு இருக்கிறது என்ற கேள்வி அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கறி தின்பவரை இழிவாகப் பார்க்கும் பார்வை நம் சமூகத்தில் சாதியோடு பின்னிக் கிடக்கிறது. அந்தப் பார்வைக்கு இங்கே இடமில்லை. மாதத்துக்கு ஒருமுறை கறி வாங்கவே யோசிக்கிற கூலிக் குடும்பத்திடம் போய்க் கறியைக் குறை என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் அதே நிலைதான். பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை போடுகிறார்கள் என்றால் அது இந்த மாநிலம் எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று. அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த மாவட்டங்களிலிருந்து அதிக தூரமில்லாத வடலூரில், புலால் மறுப்பை உயிர்மூச்சாகச் சொன்ன வள்ளலாரே 1867-இல் முதலில் செய்தது சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டிப் பசித்தவருக்குச் சோறு போட்டதுதான். பசி தீர்த்த பிறகே மற்றவை என்ற அந்த வரிசையை நாம் மாற்றக் கூடாது.

ஆனால் இதே மாநிலத்தின் இன்னொரு முகமும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று சொன்னது. இரத்தசோகையும் சர்க்கரையும் ஒரே தெருவில், பல நேரம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. மகனுக்குச் சர்க்கரை, மருமகளுக்குச் சோகை. வயிறு நிறைந்திருக்கிறது, சத்து சேரவில்லை. அந்த வீட்டோடுதான் இந்தப் பேச்சு.

அந்த வீட்டில் எவ்வளவு கறி தின்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்போம். உடல்நலத்தையும் பூமியின் தாங்குதிறனையும் சேர்த்து எடைபோட்டு, உலக அறிவியலாளர்கள் குழு ஒன்று 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் உணவு அளவைச் சொன்னது. ஆடு, மாடு போன்றவற்றின் கறி வாரத்துக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 100 கிராம். கோழி 200 கிராம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு வாரம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஆடும் கோழியுமாக ஒரு கிலோ கறி எடுத்து நால்வர் உண்கிற வீடு மொத்த அளவை மீறவே இல்லை. இதை அறிந்தபோது நான் நிம்மதி அடைந்தேன். நம் பழைய ஞாயிறு வழக்கத்தில் குற்றம் இல்லை. மீறல் மற்ற ஆறு நாளில் நடக்கிறது. வெள்ளிக்கிழமை அலுவலக விருந்துப் பிரியாணி, சாயங்காலம் வண்டிக்கடையில் சில்லி சிக்கன், பரோட்டாவோடு சிக்கன் கிரேவி, பிள்ளைகள் கேட்டார்கள் என்று வறுத்த கோழிப் பொட்டலம். இவை யாரும் கணக்கில் வைக்காதவை. சமைக்க நேரமில்லாததாலும் எங்கும் மலிவாகக் கிடைப்பதாலும் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் சிவப்புச் சாயமும் அவற்றோடு சேர்ந்து போகின்றன.

மலிவுக்குக் காரணம் பிராய்லர். ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை வந்துவிடும். நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ தேற ஐந்தாறு மாதம் வேண்டும். இந்த வேகத்தைப் பார்த்து ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. அது உண்மையில்லை. பல தலைமுறை இனத்தேர்வும் அளந்து கொடுக்கும் தீவனமும்தான் அந்த வளர்ச்சி. நல்ல உணவுக்காகப் பேசுகிறவர்கள் பொய்யைத் துணைக்கு அழைக்கக் கூடாது, ஏனென்றால் உண்மையான குறையே போதிய அளவு இருக்கிறது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் காத்து வைத்திருந்த கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்துவந்தார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு அதைத் தடை செய்ய வேண்டி வந்தது. மருந்துக்கு அசையாத கிருமிகள் பண்ணையில் உருவானால் அவை பண்ணைக்குள் அடங்கி இருப்பதில்லை. மருத்துவமனைக் கட்டில் வரை வருகின்றன.

தீவனக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். உயிரோடு ஒரு கிலோ எடை கூட ஒரு பிராய்லர் ஏறத்தாழ 1.6, 1.7 கிலோ தீவனம் தின்கிறது. உரித்துக் கழித்தபின் கையில் நிற்கும் கறிக்கு என்று கணக்கிட்டால் கிலோவுக்கு இரண்டரைக் கிலோ தீவனம் வரும். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். பெரம்பலூர்க் கரிசல் அங்கேதான் போகிறது.

அந்தக் கரிசலில் முன்பு என்ன இருந்தது? வரகு, சோளம், கம்பு, சாமை. வரகுக்கு நடுவே துவரை. சோளத்துக்கு நடுவே மொச்சையும் தட்டைப்பயறும். ஒரே கொல்லையிலிருந்து சோற்றுக்கு உண்டானதும் குழம்புக்கு உண்டானதும் வந்தன. களை எடுக்கப் போன பெண்கள் மடியில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கட்டி வந்தார்கள். யாரும் விதைக்காத, யாரும் விலை வைக்காத கீரை அது. இன்று மக்காச்சோளம் போட்ட மூன்று நாளுக்குள் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். கீரையும் களைக் கணக்கில் செத்துப்போகிறது. கீரை செத்ததை எந்தப் புள்ளிவிவரமும் எழுதவில்லை. ஆனால் சோகை பிடித்த பெண்களின் எண்ணிக்கை கூடிக்கிடக்கும் ஒரு மாநிலத்தில் அது சின்ன இழப்பு இல்லை.

அந்தக் காலத்தைப் பொன்னாகப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. அன்றைக்குக் கறி ஆடி மாதக் கோயில் கிடாவெட்டுக்கும் தீபாவளிக்கும்தான் கிடைத்தது என்றால் அது யாரும் கொண்ட விரதத்தால் அல்ல, இல்லாமையால். கஞ்சிக்கே வழியில்லாமல் கிடந்த நாள்களும் அதே வரகுக் கொல்லைகளுக்கு நடுவில்தான் இருந்தன. வரகை உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடித்த வேலை. பல அடுக்கு உமி, திரிகையில் இட்டு, உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி. ரேஷனில் அரிசி வந்தபோது அந்தப் பெண்கள் உலக்கையை மூலையில் சாத்தினார்கள். அவர்கள் செய்தது முழுக்க நியாயம்.

விவசாயி மக்காச்சோளத்துக்கு மாறியதும் நியாயம்தான். ஆள் குறைவு, அறுவடைக்கு எந்திரம் உண்டு, வாங்கிக்கொள்ள வியாபாரி களத்துக்கே வருகிறார். மத்திய அரசு ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலில் மக்காச்சோளம் இருக்கிறது. சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன. வரகும் சாமையும் இல்லை. பட்டியலில் இல்லாத பயிரை எந்த நம்பிக்கையில் விதைப்பது? ஆனால் ஒரே பயிரை நம்பியதற்கு விலையும் கொடுத்தார்கள். 2018-இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தது. அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளக் குருத்துகளைக் கடித்துச் சல்லடையாக்கியது. அதன்பின் புழுவுக்கு மருந்தடிக்காத பருவம் இல்லை.

நிலத்தின் கதை இது; இனித் தட்டுக்கு வருவோம். புரட்டாசி மாதம் கறி தவிர்க்கிற வழக்கம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திரளும் கூட்டம் பெரும்பாலும் உழவர் கூட்டம். விளைச்சலில் முதலை அளந்து காணிக்கையாகக் கொட்டுகிற சனங்கள் அவர்கள். ஒரு மாதம் முழுக்க ஊரே சேர்ந்து கறியை நிறுத்த முடிகிறது என்பதைப் புரட்டாசி ஆண்டுதோறும் காட்டுகிறது. அந்த மாதத்தில் கோழி விலை இறங்குவதே சாட்சி. மனக்கட்டுப்பாடு நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த மாதத்தில் கறிக்குப் பதில் எது தட்டுக்கு வருகிறது என்று பாருங்கள். மலைபோல் வெள்ளைச் சோறு, தண்ணீராகச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். கறி குறைந்தது, உணவு மேம்படவில்லை. சர்க்கரை நோயாளிக்கு இந்தத் தட்டு கறித் தட்டைவிடக் கெடுதல். ஐப்பசி முதல் ஞாயிறு வந்ததும் விட்ட கணக்கைச் சேர்த்துத் தின்கிறோம். நான் சொல்ல வந்தது இதுதான்: குறைப்பது பாதி வேலை. குறைத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் மீதிப் பாதி, அதுவே கடினமான பாதி.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் ஓர் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கு அது சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, கறி எல்லாம் சேர்ந்து 85 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, கடலை போன்ற வித்துகள் 35 கிராம். நம் வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டால் பிழை எங்கே என்று உடனே தெரியும். தானியம் அளவை மீறுகிறது, காய் பாதிகூட வருவதில்லை, பருப்பு பெயருக்கு மிதக்கிறது.

இந்தத் தட்டை நிரப்ப வெளியூர்ப் பொருள் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் இன்னும் வைக்கிற கருவாட்டுக் குழம்பையே எடுத்துக்கொள்ளலாம். முதல்நாள் இரவே கால் கிலோ மொச்சையை ஊறப் போடுவார்கள். காலையில் அதை வேகவைத்து, செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாக நல்லெண்ணெயில் வதக்கி, கத்திரிக்காயை நாலாகக் கீறிப் போட்டு, புளி கரைத்து ஊற்றுவார்கள். கொதித்து, காய் வெந்து, எண்ணெய் பிரியும் நேரத்தில்தான் வெந்நீரில் இரண்டு முறை அலசிய கருவாடு உள்ளே போகும். கருவாட்டில் உப்பு இருக்கிறது என்று குழம்பில் உப்பைக் குறைத்திருப்பார்கள். ஆறு பேர் சாப்பிடும் அந்தச் சட்டியில் கருவாடு நூறு கிராம் தாண்டாது. மணம் முழுக்கக் கருவாடு, வயிற்றை நிறைப்பது மொச்சையும் கத்திரிக்காயும். ஆட்டுக்கறிக் குழம்பில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு நீட்டியதும் இதே கைப்பக்குவம்தான்.

வறுமை கற்றுக்கொடுத்த பக்குவம் என்றாலும் இதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் எளிதில் ஒட்டுவதில்லை. அதோடு சிறிதளவு மீனோ கறியோ சேர்ந்தால், அல்லது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால், ஒட்டும் அளவு கூடுகிறது என்று ஊட்டச்சத்து ஆய்வுகள் உறுதியாகக் காட்டியிருக்கின்றன. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்பு வீணாகிறது. ஆக, தட்டு முழுக்கக் கறி வைப்பதைவிட, பயறு நிறைந்த குழம்பில் கொஞ்சம் கறி இருப்பது சோகை பிடித்த பெண்ணுக்குச் செலவுக்கேற்ற பலன் தரும். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிய நாளில் கால் கிலோவை இப்படிப் பயன்படுத்துவது கஞ்சத்தனம் ஆகாது.

சோற்றிலும் மாற்றம் வேண்டும். நூறு கிராம் கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. கூழாகக் காய்ச்சிப் புளிக்க வைத்தால் அந்தச் சத்து இன்னும் நன்றாகச் சேரும். வரகுச் சோறு மெல்லச் செரித்து நெடுநேரம் பசி தாங்கும். ஆனால் பெயர் மாறினால் மட்டும் தரம் வந்துவிடாது. அறுவடையில் மழை பிடித்து ஈரத்தோடு கட்டிய வரகில் ஒருவகைப் பூஞ்சை நஞ்சு சேரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்தது அந்த நஞ்சால்தான். நன்றாகக் காய்ந்த, வாசம் கெடாத வரகை அறிந்த கையிலிருந்து வாங்குவதே நல்லது.

கறியிலும் அதே கவனம். பெரம்பலூர், அரியலூர், திருச்சிப் பகுதிக்கென்று ஒரு செம்மறி இனம் இருக்கிறது; திருச்சி கருங்குறும்பை. கறுப்பு நிறம், சின்ன உடம்பு. அறுவடை முடிந்த தாளிலும் தரிசிலும் மேய்ந்து வளரும்; தானியத்தில் பங்கு கேட்பதில்லை. இரவில் கொல்லையில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அசைபோடும் விலங்குகள் விடும் மீத்தேன் வாயு புவி வெப்பத்தைக் கூட்டுகிறது, கிலோவுக்குக் கிலோ கணக்கிட்டால் கோழியைவிட ஆடு பூமிக்குப் பாரம் என்று அறிவியல் சொல்வதும் மெய். ஆகவே கருங்குறும்பைக் கறி நல்லது என்று வாரம் மூன்று முறை தின்ன முடியாது. மேய்ச்சல் நிலம் தாங்குகிற அளவுக்கு, எப்போதாவது உண்டால்தான் அது நல்ல கறி. அளவு போனால் தரமும் போய்விடும்.

நாட்டுக்கோழி என்ற பெயரிலும் ஏமாற வேண்டாம். கடையில் அந்தப் பெயரோடு தொங்குவதில் பெரும்பகுதி பண்ணையில் மூட்டைத் தீவனம் போட்டு வளர்த்த கலப்பினம். தெருவில் மேய்ந்த கோழி வேண்டுமென்றால் வளர்க்கிற வீட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏரி நீர் வற்றும் மாதங்களில் திருமானூர்ப் பக்கம் கிடைக்கும் விராலும் கெண்டையும் அந்த வாரத்துக் கறியாக இருக்கட்டும். பருவத்தில் கிடைப்பதைப் பருவத்தில் உண்டால் அளவு தானாகவே கட்டுக்குள் நிற்கும்.

இதை எல்லாம் வீட்டுப் பெண்களின் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மொச்சை ஊறப் போடவும் சின்ன வெங்காயம் உரிக்கவும் ஆண்கள் எழுந்து வர வேண்டும். அரசும் வர வேண்டும். 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அதையே கம்புக்கும் வரகுக்கும் செய்யலாம். இந்த மாவட்ட விவசாயிகளிடமே கொள்முதல் செய்து, வரகுக்கு மாநில அரசே ஒரு விலையை உறுதி சொல்லி, ஒன்றியத்துக்கு ஒன்றாக உமி நீக்கும் எந்திரத்தை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தால், மக்காச்சோளத்துக்கு நடுவே பத்து சென்ட் வரகும் துவரையும் திரும்பி வரும். உலக்கையைத் திரும்பத் தூக்காமலே வரும். மாவட்ட ஆட்சியர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியை விட்டுவிடாதீர்கள். வாரநாளில் வண்டிக்கடைக்குக் கொடுக்கும் காசை மட்டும் ஒரு மாதம் தனியே எடுத்து வைத்து, அதில் உங்கள் ஊர் விவசாயியிடம் மொச்சையும் துவரையும் கம்பும் கேட்டு வாங்குங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த புரட்டாசியில் அவர் ஒரு சால் கூடுதலாக விதைப்பார்.